ஆபீசர் பார்க்கும்வரை

அரசாங்கம் குப்பைக்குப் பணம் தரப்போகிறது என்று செய்தி வந்தபோது போடியில் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் சிரித்தார்கள். எழுபத்தேழு முடிந்து எழுபத்தெட்டு பிறந்திருந்த சமயம். மாநிலம் முழுக்க ஊர்க் குப்பையை உரமாக்கி விவசாயிகளுக்குக் கொடுப்பது என்று திட்டம். முதல் தவணைப் பணத்தில் ஊருக்கு வெளியே குழிகள் வெட்டி, கொட்டகை போட வேண்டும். குழிகள் விளிம்பு வரை நிறைந்திருப்பதை மேலிருந்து ஓர் ஆபீசர் வந்து பார்த்து எழுதினால் இரண்டாம் தவணை வரும். காகிதத்தில் படித்தால் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. காகிதத்தில் எதுதான் கச்சிதமாக இல்லை?

திட்டம் வந்து விழுந்தது கண்ணுச்சாமியின் தலையில். நகராட்சிக் குப்பை வண்டிகளுக்கு அவர்தான் சூப்பர்வைசர். ராசிங்காபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை முடித்து, ஊரார் வாயைப் பிளக்கும்படி அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். அது குப்பை உத்தியோகம் என்று தெரிந்த பிறகு ஊரார் வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. முழங்காலில் வலி. காலையில் சைக்கிளில் ஏறும்போதே இறங்குகிற நேரத்தை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு அலுப்பு. ஒரு சொல்லுக்கு ஆளாகாமல் வெளியே போய்விட்டால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

திட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. போடியில் குழியை நிரப்பக் குப்பை இல்லை. சந்தையில் விழும் முட்டைக்கோசு இலையை ஆடும் மாடும் தீர்த்துவிடும். தகரம், பாட்டில், காகிதம் எல்லாம் பழைய சாமான்காரன் சாக்கில் போய்விடும். மிச்சம் இருக்கிற சாம்பல், சாணி, எச்சில் இலை, ஏலக்காய்க் கடைகளில் கூட்டித் தள்ளும் தூசி தும்பு இவற்றை ஏற்றிக்கொண்டு குப்பை வண்டிகள் கிளம்பினால் நேரே ராசிங்காபுரம் பக்கமோ தேவாரம் பக்கமோ போய் யாராவது ஒருவருடைய புஞ்சையில் கொட்டிவிட்டு வரும். புஞ்சைக்காரர்கள் வண்டிக்காரருக்கு வயிறாரக் கஞ்சி ஊற்றுவார்கள், வேட்டி முந்தியில் கடலையோ மொச்சையோ முடிந்துகொள்ளக் கொடுப்பார்கள். எந்த ஆபீசிலும் இதற்குக் கணக்கு கிடையாது. யாரும் யாரிடமும் உத்தரவு கேட்டதில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

குழியை நிரப்ப வேண்டுமானால் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும். கண்ணுச்சாமி வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்களில் மூத்தவன் மொக்கையன். வாய் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது.

"நேரா புஞ்சைக்குப் போற குப்பைய நடுவுல குழியில போட்டு, அங்கன இருந்து தோண்டி எடுத்து, மறுபடி புஞ்சைக்கே அனுப்பணும். அதுக்கு ஒரு கெவுருமெண்டு. நல்லாத்தான் இருக்கு சூப்ரவைசரே" என்றான்.

"பச்சைக் குப்பைய மண்ணுல போட்டா சூடுடா. கண்ணாடிச் சில்லும் களை விதையும் சேந்து போகுது. குழியில கிடந்து மக்கி வந்தா அதோட சேதியே வேற."

இதைக் கண்ணுச்சாமி ஒப்புக்குச் சொல்லவில்லை. மதுரையில் நடந்த பயிற்சி வகுப்பில் மக்கிய உரத்தைக் கையில் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். மழை நனைத்த மண்ணின் வாசம் அடித்தது. இத்தனை வருடம் குப்பையோடு கிடந்ததற்குக் கடைசியில் இப்படி ஒன்று கையில் கிடைக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அலுத்துப்போன மனுஷனுக்கும் ஒரு நம்பிக்கை முளைத்துத் தொலைக்கிறது, என்ன செய்ய.

அந்த நம்பிக்கையில்தான் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போனார்.

ஆயம்மாள் ராசிங்காபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பெற்ற மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒண்டியாக இருந்தாள். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் புஞ்சைதான் அவளுக்குச் சோறு. தனக்கு மாதச் சம்பளம் வருகிறதே என்று கண்ணுச்சாமி தன் பங்கையும் அவளுக்கே விட்டிருந்தார். செம்மண், அடியில் சரளை. எருப் போட்டால் சோளமும் மொச்சையும் கொடுக்கும், போடாவிட்டால் விதைத்ததைக்கூடத் திருப்பித் தராது. அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். ஆயம்மாள் போனதில்லை. சொந்த மண்ணில் குனிந்த முதுகு அடுத்தவன் தோட்டத்தில் குனியக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

வருடாவருடம் அவள் புஞ்சைக்கு இரண்டு வழியில் எரு வரும். ஒன்று, போடியிலிருந்து வரும் குப்பை வண்டி. இன்னொன்று, சோணையின் ஆட்டுக்கிடை. சோணை தன் மந்தையை ஊர் ஊராக ஓட்டிவந்து, கேட்டவர் நிலத்தில் இராத்தங்க அடைத்துப்போடுவான். ஆடுகள் போட்ட புழுக்கையும் விட்ட மூத்திரமும் மண்ணுக்கு ஒரு வருடத்துத் தெம்பு.

"இந்த வருசம் கிடைக்குச் சொல்லாத ஆத்தா" என்றார் கண்ணுச்சாமி. "ஆனியில குழி உரம் வந்துரும். மொத வண்டி ஒனக்குத்தான். ஒன் புஞ்சையப் பாத்துத்தான் ஊரே கேக்கப்போகுது."

ஆயம்மாள் யோசித்தாள். "குப்பை வண்டியத்தான் நிறுத்திட்டீக. சோணையையும் விட்டா, அவன் தேவாரம் பக்கம் போயிருவான். பெறகு அந்த வருசம் திரும்பிப் பாக்கமாட்டான்ண்ணே."

"நான் சொல்றேன்ல?"

அண்ணன் சொல்கிறான், அண்ணன் அரசாங்கத்தில் இருக்கிறான். சோணை வந்து கேட்டபோது வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மாசி முடியுமுன் குழிகள் நிறைந்தன. பங்குனி, சித்திரை வெயிலில் கண்ணுச்சாமி ஆட்களை வைத்துத் தண்ணீர் தெளித்தார், கிண்டிவிட்டார், மண்ணைப் போட்டு மூடினார். வீட்டில் கட்டின பெண்சாதியிடம் பேசியதைவிட அந்தக் குழிகளிடம் அதிகம் பேசினார் என்று மொக்கையன் கேலி செய்வான். ஆனி பிறந்தபோது உரம் தயார். மேல்மண்ணை விலக்கினால் கருகருவென்று பொலபொலத்தது.

ஆபீசர் ஆனி முதல் வாரம் வருவதாகக் கடிதம் வந்தது. நகராட்சிக் கமிஷனர் கண்ணுச்சாமியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அவர் பார்த்து எழுதுறவரைக்கும் குழியிலேருந்து ஒரு கூடைகூட வெளியே போகக் கூடாது. குழி நிறைஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

ஆபீசர் வரவில்லை. மந்திரி சுற்றுப்பயணமாம். பிறகு ஜீப்பு பழுதாம். பிறகு அந்த ஆபீசரே மாற்றலாகிப் போய், புதியவர் பொறுப்பேற்க வேண்டுமாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் கண்ணுச்சாமி சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

குப்பை மக்க மக்க உள்ளே அமுங்கும் என்பது குழி வெட்டிய எல்லோருக்கும் தெரியும், விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும் என்று எழுதியவருக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது. நிறைத்த குழி பாதியாக இறங்கிக் கிடந்தது. பாதிக் குழியைப் பார்த்து ஆபீசர் என்ன எழுதுவாரோ என்று கமிஷனருக்குப் பயம். "மேலே நிரப்புங்க" என்றார். கண்ணுச்சாமி மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. பழுத்த உரத்தின் மேல் பச்சைக் குப்பையைக் கொட்ட வைத்தார். அடுத்த தேதி தள்ளிப்போனதும் அது மறுபடி அமுங்கியது, மறுபடி கொட்டினார்கள். வாசமே இல்லாமல் கிடந்த குழிகள் நாறத் தொடங்கின. ஆக்கி வைத்த சோற்றில் அரிசியைப் போட்டு மறுபடி உலையேற்றுகிற காரியத்தைத் தன் கையாலேயே செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் செய்தார்.

ஆடி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள் ஆயம்மாள் வந்தாள். உழுது போட்டிருந்த பக்கத்துப் புஞ்சைகளில் விதைப்பு தொடங்கிவிட்டதாம். யாரிடமோ மாட்டுவண்டியை இரவல் கேட்டு, தானே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். வண்டியில் இரண்டு கூடையும் ஒரு மண்வெட்டியும் கிடந்தன.

"அண்ணே, ரெண்டு நடை அள்ளிக்கிறேன். போதும். ஈரம் காயறதுக்குள்ள போட்டு உழுதுட்டா வெரசா விதைச்சிருவேன்."

கண்ணுச்சாமி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஆபீசரு இன்னும் வரல ஆத்தா. அவரு பாக்காம எடுக்கக் கூடாதுன்னு ஆர்டரு."

"எப்ப வருவாரு?"

"வந்துருவாரு. இந்த வாரம், இல்ல அடுத்த வாரம்."

"மழைக்கு அது தெரியுமாண்ணே?"

மொக்கையன் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அள்ளிட்டுப் போகட்டும் சூப்ரவைசரே. எடுத்த எடத்துல நான் புதுக் குப்பையக் கொட்டி நிரவி விட்டுர்றேன். எவன் எறங்கித் தோண்டிப் பாக்கப்போறான்?"

அவன் சொன்னது நியாயம்தான். இரண்டு வண்டி போனால் குழிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் எதிர்ச்சாரியில் டீக்கடை இருந்தது. டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். சூப்பர்வைசரின் சொந்தத் தங்கச்சிக்கு முதல் வண்டி போனது என்று ஒருத்தன் ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும். வேறோர் ஊரில் இப்படித்தான் ஒருவரை சஸ்பெண்டு செய்து, அவர் பென்ஷனுக்கு நடையாய் நடந்த கதை கண்ணுச்சாமிக்குத் தெரியும். பிற்பாடு பலரிடம், சட்டம் என்றால் தங்கச்சிக்கும் சட்டம்தான் என்று இதைப் பெருமையாகச் சொல்லிப் பார்த்தார். அது பயம். அன்றைக்கு அந்த இடத்தில் அவருக்கு இருந்தது பச்சைப் பயம்.

"வேணாம் ஆத்தா. வந்ததும் மொத வண்டி நானே கொண்டாறேன். இப்பப் போ."

ஆயம்மாள் குழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மாட்டைத் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார்கள். கோபக்காரர்கள்கூட வாய்தவறியும் மாற்றிச் சொல்வதில்லை. ஆயம்மாள் "போறேன்" என்று மட்டும் சொன்னாள். கூடைகள் வண்டியில் உருண்டுகொண்டே போயின.

அந்த ஒரு சொல் கண்ணுச்சாமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தங்கச்சி தன்னை வெறுத்துவிட்டாள் என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் அவள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினார். எந்த முகத்தோடு போவது? ஆவணி பிறந்ததும் அவள் எருவில்லாமலே விதைத்தாள் என்று யாரோ சொன்னார்கள். பயிர் முழங்காலுக்கு மேல் எழவில்லை என்று வேறு யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு சேதிக்கும் அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்கு மாறினார். தீபாவளிச் சேலையைக்கூடத் தான் எடுத்துப் போகாமல் மொக்கையனிடம் கொடுத்தனுப்பினார். அவன் திரும்பி வந்து, "வீடு பூட்டிக் கிடந்துச்சு. பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தேன்" என்றான். ஏன் பூட்டிக் கிடந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆபீசர் ஐப்பசியில் வந்தார், அடைமழையில். மலையில் ஏதோ விருந்தினர் விடுதியில் தங்கப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். குழிகளில் தண்ணீர் நின்று, மேலே கொட்டிய பச்சைக் குப்பை மிதந்துகொண்டிருந்தது. நாற்றம் ஜீப்பு வரைக்கும் வந்து வரவேற்றது. ஆபீசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே நின்றார். உரத்தை உரமாக விட்டிருந்தால் பக்கத்தில் வந்து பார்த்திருப்பார்.

"போர்டு எங்கே?" என்று கேட்டார்.

திட்டத்தின் பெயர் எழுதிய பலகையைக் காட்டினார்கள். எழுத்து இன்னும் பெரிதாக இருக்கலாம் என்றார். கமிஷனர் நீட்டிய காகிதத்தில் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். போகும்போது, நல்ல பச்சை ஏலக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். ஜீப்பு கிளம்பிப் போய்விட்டது. இத்தனை மாதம் காத்தது இதற்குத்தான். கண்ணுச்சாமி மழையில் நனைந்தபடி நின்றார். கோபம்கூட வரவில்லை, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

இரண்டாம் தவணை வந்தது. அதில் சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்புக் கேட்டுப் போட்டு, பெரிய எழுத்தில் புதுப் பலகை வைத்தார்கள்.

கார்த்திகையில் வெயில் எட்டிப் பார்த்ததும் கண்ணுச்சாமி குழியில் இறங்கினார். ஆள் வைக்கவில்லை. அழுகின பச்சைக் குப்பையை வாரி ஒதுக்கி, அடியிலிருந்த கறுப்பு உரத்தைத் தோண்டி எடுத்து, காயவைத்து, சல்லடையில் சலித்தார். மொக்கையன் முதலில் வேடிக்கை பார்த்தான், பிறகு பேசாமல் தானும் இறங்கினான். இரண்டு வண்டி தேறியது. இப்போது யார் பார்த்தாலும் அவருக்குக் கவலையில்லை. வண்டிக்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராசிங்காபுரம் போனார்.

புஞ்சையில் உக்கிரபாண்டி உழுதுகொண்டிருந்தான். அடுத்த புஞ்சைக்காரன்.

"என்னப்பா, நீ உழுகுற? தங்கச்சி எங்க?"

உக்கிரபாண்டி ஏரை நிறுத்தினான். "ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? வெள்ளாமை ஒண்ணும் வரல. ஆட்ட விட்டு மேச்சுட்டு, எனக்குக் குத்தகைக்கு விட்டுருச்சு. அது மலைக்குக் கூலிக்குல்ல போகுது. புரட்டாசிக் கடைசியில இருந்தே போகுது."

மொக்கையன் மாட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்கன கொட்ட?" என்று கேட்டான்.

கண்ணுச்சாமி வண்டியிலிருந்த உரத்தில் கையை வைத்தார். திருப்பிக் கொண்டுபோய்க் குழியில் போடவா முடியும்? "இங்கனயே கொட்டு" என்றார். உக்கிரபாண்டி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, இப்படியொரு எருவைத் தான் பார்த்ததே இல்லை என்று சந்தோஷப்பட்டான். நல்ல மனுஷன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கண்ணுச்சாமி போடியில் ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்தார். வளைவு வளைவாக இறங்கி வந்த ஜீப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் நம்ப முடியாத அளவுக்குப் பெண்கள் இறங்கினார்கள். ஆயம்மாள் பின்பக்கம் தொங்கிக்கொண்டு வந்தாள். இறங்கி, கம்பியைப் பிடித்தபடி இடுப்பை நிமிர்த்தினாள். தலையில் மழைக்குக் கவிழ்த்துக்கொள்ளும் சாக்கு. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாள். விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வசவு வாங்கத்தான் வந்திருந்தார்.

"என்னண்ணே, இங்கன நிக்கிற? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. புஞ்சைக்கு ரெண்டு வண்டி எரு கொண்டுபோனேன். உக்கிரபாண்டி உழுதுக்கிட்டு இருந்தான்."

"கொட்டுனயா?"

"கொட்டிட்டேன்."

"நல்லது. யாரு வெதைச்சா என்ன, மண்ணு நம்ம மண்ணுதானே." அவள் சாக்கை உதறி மடித்தாள். "சேலை எடுத்துக் குடுத்து விட்டியாமே, நல்லா இருக்கு. நேர்ல வந்து சொல்லணும்னு பாத்தேன், ஞாயித்துக்கிழமைகூட லோடு இருக்குன்னு கங்காணி விடமாட்டேங்குறான். ஒன் நெனப்பாவே இருந்துச்சுண்ணே. அன்னைக்கு நான் வண்டியக் கட்டிக்கிட்டு அங்கன வந்து நின்னதுல ஒனக்கு ஏதும் பொல்லாப்பு ஆயிருச்சோன்னு. டீக்கடையில எல்லாரும் பாத்தாகள்ல? அந்தப் பயத்துலதான் பேசாம ஓடியாந்துட்டேன்."

கண்ணுச்சாமி அவள் காலில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்.

"அந்த ஆபீசரு வந்தாரா?" என்று கேட்டாள் ஆயம்மாள். "குழியெல்லாம் பாத்தாரா?"

மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதைக்காமல் விட்ட ஆடியும், அடுத்தவன் உழுகிற புஞ்சையும், இந்த ஜீப்பும் எதற்காவது ஆயிற்றா என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பாத்தியதை உண்டு.

"பாத்தாரு ஆத்தா" என்றார் கண்ணுச்சாமி. "ஒவ்வொரு குழியா எறங்கிப் பாத்தாரு. கையில அள்ளிப் பாத்தாரு. இப்படி உரம் எங்கயும் பாக்கலன்னு எழுதிட்டுப் போனாரு."

"அப்பச் சரி" என்றாள் ஆயம்மாள். சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ராசிங்காபுரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.